பாம்புப் பெட்டியின் மேல் தோசை மா

குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் சூடாக இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அதில் பாம்பு இருக்கிறது.

மற்ற இடமெல்லாம் என் கணவரின் ஆட்சி. நடையில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கிறது. வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைப்பது அதுதான். பகலில் இருபது பாகை, படுக்கப் போகும்போது பதினேழு. அவர் பிறம்ரன் நகரத்தில் ஒரு பெரிய கிடங்கில் வேலை செய்கிறார். லொறிக்குச் சாமான் ஏற்றும் கதவுகள் அங்கே நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். எட்டு மணித்தியாலம் அதற்குள் நின்றுவிட்டு வருகிற மனிதருக்குப் பதினேழு பாகை என்றால் கொழும்பு. எனக்கு அது வெறும் பதினேழு பாகைதான். நான் இரண்டு சோடிக் காலுறையைப் போட்டுக்கொண்டு நடையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பாகை கூட்டுவேன். அவர் கடக்கும்போது ஒரு பாகை குறைப்பார். இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. கல்யாணம் முடித்து இருபத்தேழு வருடமாகிறது.

பாம்பு மகளுடையது. படிக்கிற காலத்தில், யாரோ வளர்க்க முடியாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்றரை அடி நீளம். கபிலமும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும். மலைப்பாம்பு இனம்தான், ஆனால் சின்ன வகை, விஷமில்லை, நகரசபை தடைசெய்யவில்லை என்று கணினியில் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினாள். மலைப்பாம்பு என்ற சொல்லோடு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். நான்கு வருடமாக அந்த அறைக் கதவைத் தாண்டி உள்ளே போகவில்லை. அவள் அதை 'அவள்' என்பாள். நான் 'உது' என்பேன்.

போன நவம்பரில் மகளுக்கு ஒஷாவாவில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. நல்ல வேலை. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அங்கேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன் என்றாள். ஸ்காபுரோவில் வீடு இருக்க, காரில் முக்கால் மணித்தியாலத் தூரத்தில் ஒருத்தி அறை எடுப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? நாங்கள்தான் காரணம் என்று எனக்குப் பட்டது. பட்டதைப் பொறுமையாகச் சொல்லுகிற பழக்கம் எனக்கில்லை. அவள் பெட்டி கட்டுகிற அன்று கதவடியில் நின்று சத்தம் போட்டேன்.

"போறதெண்டால் உதையும் கொண்டு போ. விட்டிட்டுப் போனியெண்டால் தூக்கி ஸ்னோவுக்க வைச்சிடுவன்."

அவள் பெட்டியைக் கட்டி முடித்தாள். பாம்பையும் கொண்டு போனாள். மூன்று கிழமை அவள் போன் எடுக்கவுமில்லை, நான் எடுக்கவுமில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்க்காத மாதிரி இருப்பதிலேயே எனக்கு நாள் போனது. ஸ்னோ என்று சொல்லியிருக்கக் கூடாது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வீம்பு விடவில்லை.

நாலாம் கிழமை அவளே எடுத்தாள். அறை கொடுத்த வீட்டுக்கார மனுசி பெட்டியைக் கண்டுவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாம்பு போகவேண்டும், இல்லாவிட்டால் மகள் போகவேண்டும்.

"அம்மா, விண்டர் முடியுமட்டும்தான். ப்ளீஸ். குளிர் பட்டால் அவள் செத்துப் போயிடுவாள்."

"கொண்டு வா" என்றேன். அவள் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் முதலையென்றாலும் கொண்டு வா என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஞாயிறு அவள் வந்து சேருவதற்குள் என் கணவர் பாம்பைச் சூடாக வைக்கும் திட்டத்தை முடித்துவிட்டிருந்தார். வீட்டில் இருக்கிறதை வைத்தே செய்துவிடலாம், புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை என்பது அவர் கொள்கை. மகளின் கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார். என் முதுகுநோவுக்கு வாங்கிய மின்சாரப் போர்வை. மேசை விளக்கு ஒன்று. சுடுதண்ணிப் பை. வேலையிடத்து நண்பர் கொடுத்த, வயர் வைத்த ஒரு போலிக் கல். செருகினால் கல் சுடும், பாம்பு அதன்மேல் படுத்துக்கொள்ளுமாம். இதையெல்லாம் செருக, டிசம்பரில் வாசலில் கட்டுகிற நத்தார் விளக்குக்குப் பாவிக்கிற நீண்ட வயர்.

மகள் கோட்டைக் கூடக் கழற்றாமல் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அப்பா, உந்தக் கல்லு அவளைச் சுட்டுப் போடும். பாம்புக்கு வயித்தில சுடுறது கெதியில விளங்காது. விளங்காமல் அதிலேயே படுத்திருக்கும்."

"அப்ப போர்வை?"

"பத்திப் பிடிச்சால் வீடே போயிடும்."

"அப்ப சுடுதண்ணிப் பை?"

"மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆர் தண்ணி மாத்துறது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

பிறகு மகள் எங்கள் இருவரையும் நிற்க வைத்துப் பாடம் நடத்தினாள். பாம்புக்குத் தன்பாட்டில் உடம்பில் சூடு வராது. வெளியிலிருந்துதான் எடுக்கவேண்டும். அதனால் பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்மையாகவும் இருக்கவேண்டும்; அது தனக்கு வேண்டிய பக்கம் தானே போய்க்கொள்ளும். கூடச் சூடு கொடுப்பது பெரிய விஷயமில்லை, இருக்கிற சூட்டை வெளியே விடாமல் இருப்பதுதான் மலிவான வழி. சொல்லிக்கொண்டே யன்னலோரம் வைக்கப் பார்த்த கண்ணாடிப் பெட்டியை உட்சுவர்ப் பக்கம் நகர்த்தினாள். வீட்டுச் சாமான் கடையில் வாங்கிய வெள்ளைத் தெர்மோகோல் பலகையை வெட்டி மூன்று பக்கமும் ஒட்டினாள். மேலே கம்பிவலை மூடி. அதில் பாதிக்குக் கனத்த ஃபொயில் தாள் போட்டு ஒட்டினாள். மறுபாதிக்கு மேல் வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தருகிற பீங்கான் குமிழ், அதைச் சுற்றிக் கம்பிக் கூடு. குமிழின் வயர் ஒரு கறுப்புக் கருவிக்குப் போனது, கருவி நேரே சுவரில் செருகியிருந்தது. கருவியிலிருந்து மெல்லிய வயர் ஒன்று பெட்டிக்குள் இறங்கியது. அதன் நுனியில் ஒரு சின்ன உலோகக் குச்சி.

"உந்தக் குச்சிதான் கண். பெட்டிக்குள்ள எவ்வளவு சூடெண்டு அது பாத்துச் சொல்லும். கூடினால் கருவி குமிழை நிப்பாட்டும், குறைஞ்சால் போடும். மற்றதெல்லாம் மலிவாச் செய்யலாம் அப்பா, உதில மட்டும் கை வைக்கக்கூடாது."

முழு வீட்டையும் சூடாக்காமல் ஆளிருக்கிற இடத்தை மட்டும் சூடாக்குவது என்ற யோசனை என் கணவரை அப்படியே பிடித்துக்கொண்டது. மிஞ்சிய தெர்மோகோல் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் கட்டிலைச் சுற்றியும் இப்படி அடிக்கலாமா என்று யோசனையோடு கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை.

போகும்போது, எலி போடுகிற பொறுப்பைத் தகப்பனுக்குக் கொடுத்துவிட்டு, மகள் என்னிடம் இரண்டு வாக்கு வாங்கினாள். ஒன்று, பெட்டிக்கு மேல் ஒன்றும் வைக்கக்கூடாது. மற்றது, கண்ணாடிக்குள் ஒட்டியிருக்கிற சூடுமானியை ஒவ்வொரு நாளும் காலை ஏழரைக்குப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பவேண்டும்.

நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். சூப்பு அறுபது பாகைக்குக் குறையக்கூடாது, பால் நாலுக்குக் கூடக்கூடாது. அதற்கென்று ஒரு கூர்க் கம்பிச் சூடுமானி வைத்திருக்கிறேன். குத்திப் பார்த்து, எண்ணை எழுதி, கையெழுத்து வைப்பதுதான் பாதி வேலை. அங்கே சூப்புக்குக் கணக்கெழுதுகிறேன், இங்கே பாம்புக்கா என்று அலுத்துக்கொண்டுதான் முதல்நாள் படத்தை அனுப்பினேன். முப்பத்தொன்றரை. உடனே ஒரு கட்டைவிரல் வந்தது. அடுத்த நாளும் கட்டைவிரல். மூன்றாம் நாள் 'குட் மோர்னிங் அம்மா' என்று வந்தது. ஒரு கிழமையில் 'சாப்பிட்டியளா', பிறகு 'அங்க ஸ்னோவா', பிறகு 'அப்பாவுக்கு இருமல் எப்பிடி' என்று ஆகிவிட்டது.

எல்லாம் சூடுமானிப் படத்துக்குக் கீழேதான். படம் அனுப்பாமல் ஒருநாளும் நாங்கள் கதைத்ததில்லை. ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது. ஏழு மணிக்கே தேத்தண்ணிக் கோப்பையோடு அந்த அறையில் போய் நின்றுகொண்டிருப்பேன். பாம்பு ஒரு தேங்காய்ச் சிரட்டை மாதிரியான மறைவுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்க்கும். நான் போனைப் பார்ப்பேன். சொல்ல வெட்கம்தான், அந்த மாரிக் குளிரில் ஏழரை மணிக்காகத்தான் நான் எழும்பினேன்.

இனித் தோசை மாவுக்கு வருகிறேன்.

இந்த ஊரில் மாரிகாலத்தில் மா புளிக்க வைப்பது எப்படி என்று எங்கள் சனம் எல்லாருக்கும் தெரியும். அடுப்புக்குக் கீழேயுள்ள அவணுக்குள் சட்டியை வைத்து, அவணின் லைற்றை மட்டும் போட்டுவிட்டால் அந்தக் குமிழின் சூட்டில் விடிய மா பொங்கி நிற்கும். இருபது வருடம் அப்படித்தான் செய்தேன். ஜனவரி பிறந்ததும் எங்கள் அடுப்பு பழுதாகி, புது அடுப்பு வந்தது. அதன் அவணுக்குள் இருந்தது புது மாதிரி லைற். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, சூடு துளிகூட இல்லை. முதல்முறை விடிய எழும்பிப் பார்த்தால், வைத்த மா வைத்தபடியே, நல்ல வெளிச்சத்தில் படுத்திருந்தது.

போர்வை சுற்றிப் பார்த்தேன். சுடுதண்ணிச் சட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கணவரின் கிடங்குக் கோட்டைக் கூட அதற்குப் போட்டுவிட்டேன். பதினேழு பாகைக்கு முன்னால் ஒன்றும் எடுபடவில்லை. சுட்ட தோசையை அவர் மடிக்கப் பார்த்தார், அது திரும்பி விரிந்தது. "சப்பாத்தியோ?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்குச் சம்பல் கொடுக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, காலையில் படம் எடுக்கும்போது தற்செயலாக என் கை ஃபொயில் தாளின்மேல் பட்டது. இளஞ்சூடு. அவண் லைற் கொடுத்த அதே சூடு. நான் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

பெட்டிக்கு மேல் ஒன்றும் வைக்கக்கூடாது என்று வாக்குக் கொடுத்தது நினைவில் இருந்தது. ஆனால் அவள் சொன்னது துணி, புத்தகம் மாதிரி எரிகிற சாமானைத்தான் என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன். எவர்சில்வர் சட்டி எரியுமா? அன்று பின்னேரம் அரைத்த மாவை, ஃபொயில் பக்கம், குமிழிலிருந்து எட்ட, மூலையில் வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் மா விளிம்புவரை பொங்கி, மேலெல்லாம் குமிழ் குமிழாக நின்றது. எனக்கு அழுகை வரப்பார்த்தது. அன்றைக்குச் சுட்ட தோசை துணி மாதிரி மெத்தென்று இருந்தது.

பிறகென்ன, ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டி மேலே ஏறியது. படம் எடுக்கும்போது மட்டும் அதைத் தூக்கி நிலத்தில் வைப்பேன். கணவருக்குச் சொல்லவில்லை, அவர் வாயில் ஒன்றும் நிற்காது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு தோசையைத் தின்றுவிட்டு, மாரியில எப்பிடி உப்பிடி வருது என்று கேட்டா. புது அடுப்பு என்றேன். அவ அதே அடுப்பை வாங்கிவிட்டா. இன்றுவரை அவவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பெப்ரவரிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, படத்துக்குக் கீழே மகள் எழுதினாள். 'ஞாயிறு பன்னிரண்டுக்கு வாறன். தோசை இருக்கா?'

பாம்பை விட்டுவிட்டுப் போனதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை, ஸ்னோ, பிறகு ஏதோ பரீட்சை. இப்போது வருகிறாள். தானாகவே தோசை கேட்கிறாள். சனிக்கிழமை விடிய எழும்பி, அவள் கொண்டுபோகவும் சேர்த்து, வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு மா அரைத்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டதால், பின்னேரம் வந்து பெட்டிமேல் வைக்கலாம் என்று சட்டியைக் குசினி மேசையில் விட்டுவிட்டு ஓடினேன்.

ஆறரைக்கு வந்து பார்த்தால் மேசை பளிச்சென்று இருக்கிறது. சட்டியைக் காணவில்லை.

"பிறிட்ஜுக்க வைச்சனான்" என்றார் கணவர். "வெளியில கிடந்தால் பழுதாப்போம் எல்லோ."

இருபத்தேழு வருடத்தில் அந்த மனிதர் குசினியில் தானாகச் செய்த ஒரே உதவி அது. சட்டி ஐஸ்கட்டியாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அறைக்கு ஓடினேன். இவ்வளவு குளிர்ந்த மா நாளைக்குப் பொங்கவேண்டுமென்றால் மூலை போதாது என்று, குமிழுக்குக் கிட்ட, நல்லாக நடுவுக்குத் தள்ளி வைத்தேன். எதிலோ தட்டுப்பட்ட மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். சரியாக உட்கார்ந்தது.

ஞாயிறு காலை ஏழரைக்குப் படம் எடுக்கப் போனபோது நடையிலேயே புளித்த மணம் வந்தது. கதவைத் திறந்தேன்.

மா சட்டியை விட்டு எப்போதோ கிளம்பியிருந்தது. மூடி சரிந்து கிடந்தது. ஃபொயில் தாளின்மேல் ஓடி, கம்பிவலைக்குள்ளால் நூல் நூலாகப் பெட்டிக்குள் தொங்கியது. குமிழைச் சுற்றியிருந்த கம்பிக் கூட்டில் ஒரு பக்கம் வழிந்த மா அங்கேயே வெந்து, பொன்னிறமாக, ஓட்டை ஓட்டையாக ஒட்டியிருந்தது. அவ்வளவு முறுகலான தோசையை நான் என் வாழ்நாளில் சுட்டதில்லை.

சூடுமானியைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. பக்கத்துக் கறுப்புக் கருவியைப் பார்த்தேன். இருபத்திநாலு என்று காட்டி, இன்னும் சூடு போதாது என்று சிவப்பு லைற்றை எரித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. பதினெட்டு வருடமாகச் சூப்புக்குக் கம்பி குத்துகிறவள் நான். சட்டியைத் தள்ளும்போது தட்டுப்பட்டது அந்த மெல்லிய வயர். அது இழுபட்டு, குச்சி பெட்டியை விட்டு வெளியே வந்து, சட்டிக்குக் கீழே படுத்துவிட்டது. கருவி விடிய விடிய அளந்தது என் தோசை மாவின் சூட்டை. பிறிட்ஜிலிருந்து வந்த மாவைப் பார்த்து, பாம்பு குளிரில் சாகிறது என்று நினைத்து, பாவம், முழு மூச்சாக எரித்திருக்கிறது.

செருகியை இழுத்தேன். சட்டியைத் தூக்கி நிலத்தில் வைத்தேன், வலை மூடியைக் கழற்றினேன். பாம்பு குளிர்மையான பக்கத்தில், தண்ணிக் கிண்ணத்துக்குள் தன்னைத் திணித்துக்கொண்டு கிடந்தது. முதுகெல்லாம் மா. தலை கிண்ண விளிம்பில். அசையவில்லை.

"இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ."

அவர் ஓடித்தான் வந்தார். கதவடியோடு நின்றுவிட்டார். "மூச்சு இருக்கோ?" என்று கேட்டார். பிறகு குசினிக்குப் போய், எனக்கு உதவியாக, சப்பாத்தி பிரட்டுகிற இடுக்கியைக் கொண்டுவந்து நீட்டினார்.

நான் இடுக்கியை வாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விட்டேன். வழுவழுவென்று இருக்கும் என்று நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வழுவழுத்தது மா மட்டும்தான். அதற்குக் கீழே உடம்பு உலர்ந்து, நேர்த்தியாக இருந்தது. நினைத்ததைவிடப் பாரம். தூக்கியதும் வால் மெல்ல அசைந்து என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தது. உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் அப்படியே தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன்.

குசினியில் அரிசி கழுவுகிற பேசின்தான் கைக்குக் கிடைத்தது. சூட்டில் கிடந்ததைத் திடீரென்று பச்சைத்தண்ணிக்குள் போடக்கூடாது என்ற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. கணவரை என் வேலைப் பையைத் திறக்கச் சொல்லி, கூர்க் கம்பிச் சூடுமானியை எடுப்பித்து, இருபத்தொன்பது பாகைக்குத் தண்ணி கலக்க வைத்தேன். அவர் மூன்றுதரம் குத்திப் பார்த்தார். அந்தத் தண்ணிக்குள் பாம்பை விட்டு, கைவிரலால் மாவை வழித்து வழித்துக் கழுவினேன். கழுவும்போது கண்ணால் தண்ணி ஓடியது. பாம்புக்காக மட்டும் அழுதேன் என்று சொன்னால் பொய். இது செத்தால் நாளைக்கு ஏழரைக்கு நான் எதைப் படம் எடுப்பேன்? மகள் என்னோடு எதைப் பற்றிக் கதைப்பாள்? ஸ்னோவுக்குள் வைப்பேன் என்று சொன்னவள், கடைசியில் அவித்துக் கொன்றுவிட்டாள் என்றல்லவா ஆகும்?

அது நாக்கை நீட்டியது. ஒருமுறை, இரண்டுமுறை. என் விரலைத் தொட்டுப் பார்த்தது.

"நல்ல பிள்ளை" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அப்போது முன்கதவில் திறப்புப் போட்டுப் பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. மணி எட்டேகால். பன்னிரண்டுக்கு வரவேண்டியவள் கலைந்த தலையோடு, படுக்கிற காற்சட்டைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். என் கையில் பாம்பு. பாம்பு அரிசிப் பேசினுக்குள். என் கணவர் பக்கத்தில் ஒரு கையில் சூப்புச் சூடுமானியும் மறு கையில் சப்பாத்தி இடுக்கியுமாக நின்றார்.

"ரெண்டு பேரும் ஏன் போன் எடுக்கேல்ல?" என்றாள். என் போன் பாம்பு அறையில் கிடந்தது. அவருடையது காருக்குள் கிடந்தது.

பிறகு ஒன்றும் கேட்காமல் வந்து பாம்பை வாங்கினாள். வாயைப் பார்த்தாள், வயிற்றைத் திருப்பிப் பார்த்தாள், விரலால் முதுகை நீவிவிட்டாள். எங்கேயும் சுட்ட அடையாளம் இல்லை. "ஓகே. அவள் ஓகே" என்று தனக்குள் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன். "பெட்டிக்கு மேல மா வைச்சனான். உனக்குச் சொன்ன வாக்கை மீறிப்போட்டன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மாச் சட்டி. தைப்பொங்கலில இருந்து தெரியும். ஒவ்வொரு சண்டேயும் படத்தில கீழ் மூலையில அதின்ர காது தெரியிறது. நிலத்தில வைச்சிட்டு எடுக்கிறனீங்கள், என்ன?"

நான் அரிசிப் பேசினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தோசை நல்லா வருது எண்டு ஹாப்பியா எழுதினீங்கள். மூலையில தானே இருக்கு, பரவாயில்லை எண்டு விட்டிட்டன். சொல்லியிருக்கோணும். என்ர பிழையும்தான். ஆனா அந்த வயரைத் தொட்டிருக்கக் கூடாது அம்மா."

பாம்பைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, போனை எடுத்துத் தகப்பனுக்குக் காட்டினாள். திரையில் ஒரு கோடு. நேராக ஓடிக்கொண்டிருந்த கோடு சனிக்கிழமை ஆறரைக்குப் பிறகு கிணற்றில் விழுந்த மாதிரி ஒன்பது பாகைக்கு விழுந்து, விடிய விடிய மெல்ல மெல்ல ஏறியிருந்தது. அதுதான் என் தோசை மா. நேற்று அவளுக்குப் பின்னேர வேலை, போன் லொக்கருக்குள் இருந்திருக்கிறது. வந்து அப்படியே படுத்துவிட்டாள். காலையில் எழும்பிப் போனில் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, பாம்பு குளிரில் செத்துவிட்டதென்று பக்கத்து அறையில் இருக்கிற பெண்ணின் காரை வாங்கிக்கொண்டு பறந்து வந்திருக்கிறாள்.

கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தக் கோட்டையே பார்த்தார். சூட்டுக் கணக்கு எதைக் கண்டாலும் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

"உது ஒஷாவாவில இருந்தே தெரியுமோ?"

"ஓம் அப்பா. அந்தக் கருவி போனுக்கு அனுப்பும். எப்பவும் தெரியும்."

"முதல்நாளில இருந்தோ?"

"ஓம்."

நான் பேசினை வைத்தேன்.

"அப்ப என்னட்டை ஏன் ஒவ்வொரு நாளும் படம் கேட்டனீ?"

அவள் நிமிரவில்லை. துவாய் நுனியால் பாம்பின் தலைக்குப் பின்னால் ஒட்டியிருந்த கடைசித் துளி மாவைத் துடைத்தாள்.

"வேற என்னத்தைக் கேட்டால் அனுப்பியிருப்பீங்கள்?"

உண்மையாகவே வேறு எதைக் கேட்டிருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டியில் மிஞ்சியிருந்த மா பன்னிரண்டு தோசைக்குக் காணும்போல இருந்தது. அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைப் போட்டேன்.

ஏழு தோசை தின்றாள். தின்றுவிட்டுத் தகப்பனோடு சேர்ந்து பெட்டியைக் கழுவி, குச்சியை உள்ளே இறக்கி, இந்தமுறை வயர் இழுபடாமல் இரண்டு இடத்தில் பிடித்துக் கட்டினாள். கட்டிலைச் சுற்றி அடிக்க அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த தெர்மோகோல் பலகையில் என் மாச் சட்டிக்குத் தனியாக ஒரு பெட்டி செய்தார்கள். உள்ளே ஒரு குமிழ் போடலாமா என்று அவர் கேட்டார். கூடாது என்றாள். சுடுதண்ணிப் பை மட்டும் போதுமாம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆர் தண்ணி மாற்றுவது என்று நான் கேட்கவில்லை. அவரே மாற்றுகிறார்.

பாம்பு அடுத்த கிழமை தன் எலியை ஒழுங்காகச் சாப்பிட்டது.

தோசை தின்ற மறுநாள், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வழக்கம்போலத் தேத்தண்ணியோடு பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். அவள் மறைவுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். இனிப் படம் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். ஏழரையானது. போனைக் கையில் வைத்துக்கொண்டு எடுப்பதா விடுவதா என்று நிற்கும்போது அதுவே அதிர்ந்தது.

'குட் மோர்னிங் அம்மா. எவ்வளவு இருக்கு?'

கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டுப் படம் எடுத்தேன். முப்பத்தொன்றரை என்று கீழே எழுதி அனுப்பினேன்.